ஒரு ரொட்டித் துண்டில் முழு விருந்து: டென்மார்க்கின் ஸ்மோர்ப்ரோட், ஸ்னாப்ஸ் பற்றிப் புதியவர்கள் அறிய வேண்டியவை

வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ டென்மார்க் செல்லும் இந்தியர்களுக்கு, நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெரும்பாலும் ஓர் அழைப்பு வந்து சேரும். அது அலுவலகத்தின் கிறிஸ்துமஸ் மதிய விருந்துக்கான அழைப்பு. டேனிய மொழியில் இதற்கு 'யூலெஃப்ரோகோஸ்ட்' என்று பெயர். நண்பகலில் தொடங்கும் இந்த விருந்து மாலை வரை நீள்வது உண்டு. மேசையில் கரிய நிற ரொட்டி, வினிகரில் ஊறிய மீன், பலவகை இறைச்சிகள், பாலாடைக்கட்டிகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு அருகில், பனிபோல் குளிர்ந்த சிறு கோப்பைகளில் நிறமற்ற மதுவும் இருக்கும்.

எதை முதலில் எடுப்பது, எதை எதனுடன் சேர்ப்பது, கோப்பையை எப்போது உயர்த்துவது, மது வேண்டாம் என்றால் எப்படி மறுப்பது என்ற கேள்விகளுக்கு மேசையில் இருக்கும் யாரும் விளக்கம் சொல்வதில்லை. அங்கு பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவை சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. புதிதாக வருபவருக்கோ ஒவ்வொன்றும் தடுமாற்றம். இந்த விதிகள் வெறும் சம்பிரதாயங்கள் அல்ல என்பதைப் புரிந்துகொண்டால் அந்தத் தடுமாற்றம் பெருமளவு நீங்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் மண், உழைப்பு, வரி, சுவை என ஏதேனும் ஒரு காரணம் இருக்கிறது.

ஸ்மோர்ப்ரோட் என்றால் என்ன?

டேனிய மொழியில் 'ஸ்மோர்' என்றால் வெண்ணெய். 'ப்ரோட்' என்றால் ரொட்டி. எழுத்தில் 'ட்' என முடிந்தாலும், டேனியர்கள் உச்சரிக்கும்போது இறுதி ஒலி 'த'வுக்கும் 'ல'வுக்கும் இடைப்பட்ட மென்மையான ஒலியாகக் கேட்கும்.

பெயரில் இரண்டு பொருள்களே இருந்தாலும், உணவில் மூன்று அடுக்குகள் உள்ளன. அடியில் மெல்லியதாக அரிந்த ரை ரொட்டி. அதன் மேல் ஓரம் வரை தடவிய வெண்ணெய். அதற்கும் மேல், 'மேலே வைக்கப்படுவது' என்று பொருள்படும் 'போலெக்'. அது மீனாகவோ, இறைச்சியாகவோ, முட்டையாகவோ, உருளைக்கிழங்காகவோ இருக்கலாம். உச்சியில் வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி, துருவிய காரவேர், பூண்டுத்தாள் போன்றவை அலங்காரமாக அமையும். அவை கண்ணுக்காக மட்டும் வைக்கப்படுவதில்லை. கொழுப்புக்குப் புளிப்பு, மென்மைக்கு மொறுமொறுப்பு, உப்புக்குச் சிறிது இனிப்பு என ஒவ்வொன்றும் கீழே இருப்பதைச் சமன் செய்கிறது.

மேலே மற்றொரு ரொட்டித் துண்டு வைக்கப்படுவதில்லை என்பதால், இதைக் கையால் தூக்கிக் கடிக்க முடியாது. உணவகங்களில் பரிமாறப்படும் உயரமான ஸ்மோர்ப்ரோட்டைக் கத்தி, முள்கரண்டி கொண்டே உண்ண வேண்டும். வீட்டிலிருந்து எடுத்துச் செல்லும் எளிய வகையை மட்டும் கையால் உண்பர். பள்ளிக் குழந்தைகளும் அலுவலக ஊழியர்களும் கொண்டு செல்லும் 'மாட்பாக்கே' என்ற மதிய உணவுப் பொட்டலத்தில் இத்தகைய ரொட்டித் துண்டுகளே இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாதிருக்க, இடையில் மெல்லிய காகிதம் வைக்கப்படும்.

வெண்ணெய்க்கும் ஒரு வேலை உண்டு. மேலே வைக்கப்படும் மீன் அல்லது காய்கறியின் ஈரம் ரொட்டிக்குள் இறங்கி அதை நனைத்துவிடாமல் தடுப்பது அதுதான். கடித்தால் பல்லின் தடம் பதியும் அளவுக்குத் தடிமனாகத் தடவிய வெண்ணெய்க்கு டேனிய மொழியில் 'பல் வெண்ணெய்' என்று தனிப்பெயரே இருக்கிறது.

ஏன் ரை ரொட்டி?

குளிர் மிகுந்த, வளம் குறைந்த மணற்பாங்கான நிலத்திலும் விளையக்கூடிய தானியம் ரை. கோதுமை எளிதில் கிட்டாத வட ஐரோப்பிய எளிய மக்களின் அன்றாட ரொட்டி பல நூற்றாண்டுகளாக ரையிலிருந்தே வந்தது. வெள்ளை ரொட்டி வசதி படைத்தவர்களுக்கும் திருநாள்களுக்கும் உரியதாக இருந்தது.

கோதுமை மாவில் உருவாகும் நெகிழ்வான பசைத்தன்மை ரை மாவில் சரிவர உருவாவதில்லை. ரையில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சிதைத்து, வெந்த ரொட்டியைக் களிபோல் ஆக்கிவிடவும் கூடும். இதைத் தடுக்கவே மாவு புளிக்க வைக்கப்படுகிறது. இட்லி மாவைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களே இங்கும் பணியாற்றுகின்றன. அவை உண்டாக்கும் அமிலம் நொதிகளின் வேகத்தைக் குறைக்கிறது. இதன் விளைவாகக் கிடைப்பது கனமான, ஈரப்பதமான, புளிப்புச் சுவையுடைய, பல நாள்கள் கெடாத ரொட்டி. மேலே எவ்வளவு அடுக்கினாலும் உடையாமல் தாங்கும் வலிமை அதற்கு உண்டு. உப்பும் கொழுப்பும் மிகுந்த மேலடுக்குக்கு எதிர்ச்சுவையாக நிற்பதும் அந்தப் புளிப்புதான்.

தொழிலாளியின் பொட்டலத்திலிருந்து உணவக மேசைக்கு

இன்று நாம் அறியும் ஸ்மோர்ப்ரோட் 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. அதற்கு முன் நண்பகலில் வீட்டில் சூடான உணவு உண்பதே வழக்கம். தொழிற்சாலைகள் பெருகியபோது, வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான தொலைவு கூடியது. மதியம் வீடு திரும்ப முடியாத தொழிலாளர்கள், முந்தைய நாள் மிச்சத்தை ரொட்டியின் மேல் வைத்து எடுத்துச் சென்றனர். சூடான உணவு மாலைக்கு நகர்ந்தது. குளிர்ந்த ரொட்டி மதிய உணவானது.

அதே காலகட்டத்தில் டென்மார்க்கின் வேளாண்மையும் மாறியது. அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தைக்கு வந்ததால் தானிய விலை சரிந்தது. டேனிய விவசாயிகள் கால்நடை வளர்ப்புக்குத் திரும்பினர். 1882-இல் முதல் கூட்டுறவுப் பால்பண்ணையும், 1887-இல் முதல் கூட்டுறவு இறைச்சிக்கூடமும் தொடங்கப்பட்டன. வெண்ணெயும் பன்றி இறைச்சியும் பிரிட்டனுக்கு ஏற்றுமதியாகின. ஏற்றுமதிக்கு உதவாத ஈரல் உள்நாட்டில் மலிவாகக் கிடைத்தது. அதை அரைத்து வேகவைத்த 'லெவர்போஸ்தாய்' என்ற ஈரல் விழுது இன்றும் டேனிய மதிய உணவுப் பொட்டலத்தின் நிரந்தர உறுப்பினர்.

ஏழையின் ரொட்டி, நகர உணவகங்களில் ஏறியபோது அதன் உயரமும் கூடியது. கோபன்ஹேகனில் 1877-இல் தொடங்கப்பட்ட ஷோனெமன் உணவகம் இன்றும் இயங்குகிறது. 1888-இல் தொழில் தொடங்கிய ஆஸ்கர் டேவிட்சன் குடும்பத்தினரின் உணவுப் பட்டியல், 178 வகைகளுடன் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்து உலகப் புகழ் பெற்றது. ஸ்மோர்ப்ரோட் அடுக்குவது முறையாகப் பயில வேண்டிய தொழிலானது. அதில் தேர்ச்சி பெற்றவருக்கு 'ஸ்மோர்ப்ரோட் கன்னி' என்று பொருள்படும் பட்டப்பெயர் வழங்கியது. ஆண்களும் இந்தத் தொழிலில் இருக்கும் இன்றைய நாளிலும் அந்தப் பெயர் மறையவில்லை.

உண்ணும் வரிசை

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். இந்திய விருந்தில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் எடுத்துக்கொள்வது இயல்பு. டேனிய மேசையில் அப்படிச் செய்வதில்லை. ஒரு வகை முடிந்த பின்னரே அடுத்த வகை. அதன் வரிசை பின்வருமாறு:

முதலில் ஹெர்ரிங் மீன். நம் கடலோரத்து மத்தி மீனின் குடும்பத்தைச் சேர்ந்த இது, உப்பிட்டுப் பின் வினிகர், சர்க்கரை, மிளகு, பிரிஞ்சி இலை ஆகியவற்றில் ஊறவைக்கப்படும். இடைக்காலத்தில் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலான ஓரெசுண்ட் நீரிணையில் இந்த மீன் பெருமளவில் பிடிக்கப்பட்டு, உப்பிட்டு ஐரோப்பா முழுவதும் அனுப்பப்பட்டது. இதன் கூர்மையான சுவை அடுத்த உணவில் கலந்துவிடும் என்பதால், ஹெர்ரிங் முடிந்ததும் தட்டை மாற்றிக்கொள்வது வழக்கம்.

அடுத்து மற்ற கடல் உணவுகள். இறால், புகையூட்டிய சால்மன், பொரித்த தட்டைமீன் ஆகியவை இதில் அடங்கும்.

மூன்றாவதாக இறைச்சி. வறுத்த மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, ஈரல் விழுது போன்றவை இந்தக் கட்டத்தில் வரும்.

இறுதியில் பாலாடைக்கட்டி. நன்கு பழுத்த, கடும் மணமுடைய வகையை வெங்காயம், இறைச்சிச்சாற்றுக் கூழ் ஆகியவற்றுடன், சில துளி ரம் சேர்த்து உண்பதும் உண்டு.

புளிப்பும் உப்பும் பசியைத் தூண்டும் என்பதால் அவை முதலில். கொழுப்பு வயிற்றை நிறைக்கும் என்பதால் அது பின்னர். இதுவே வரிசையின் அடிப்படை. உணவகத்தில் ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று துண்டுகள் போதும். ஹெர்ரிங்கில் தொடங்கி ஒரு மீன், ஓர் இறைச்சி அல்லது பாலாடைக்கட்டி என்று தேர்ந்தெடுப்பது புதியவர்களுக்கு எளிய வழி.

பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும் கதைகள்

சில ஸ்மோர்ப்ரோட்களுக்குப் பெயரைக் கேட்டால் பொருள் விளங்காது. 'கால்நடை மருத்துவரின் நள்ளிரவு உணவு' என்பது ஈரல் விழுது, உப்பிட்ட மாட்டிறைச்சி, இறைச்சிச்சாற்றுக் கூழ், வெங்காய வளையங்கள் ஆகியவற்றைக் கொண்டது. 'எரிநட்சத்திரம்' என்பதில் பொரித்த தட்டைமீனும் வேகவைத்த தட்டைமீனும் இறாலும் சேர்ந்திருக்கும். இதற்கு ரை ரொட்டிக்குப் பதிலாக வெள்ளை ரொட்டி பயன்படுத்துவர். 'குத்யெம் மீது சூரியன்' என்பது பார்ன்ஹோல்ம் தீவிலுள்ள குத்யெம் என்ற ஊரின் பெயரைத் தாங்கியது. புகையூட்டிய ஹெர்ரிங்கின் நடுவில் வைக்கப்படும் பச்சை முட்டையின் மஞ்சள் கருவே அந்தச் சூரியன்.

இந்தியர்களுக்கு வியப்பளிக்கக்கூடியது 'கறி ஹெர்ரிங்'. கறித்தூள் கலந்த மஞ்சள் நிறக் குழைவில் ஹெர்ரிங் துண்டுகளைப் புரட்டி, வேகவைத்த முட்டையுடன் ரை ரொட்டியில் வைப்பார்கள். வறுத்த மாட்டிறைச்சிக்கும் பொரித்த மீனுக்கும் துணையாக வரும் 'ரெமுலாட்' என்ற குழைவுக்கு மஞ்சள் நிறம் தருவதும் கறித்தூள் அல்லது மஞ்சள்தான். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியைத் தன் வசம் வைத்திருந்த டென்மார்க்குக்கு இந்திய மசாலாப் பொருள்கள் நெடுங்காலமாக அறிமுகமானவை.

ஸ்னாப்ஸ்: கோப்பையில் இருப்பது என்ன?

ஸ்மோர்ப்ரோட்டுடன் மரபாகச் சேர்ந்து வருவது பீரும் ஸ்னாப்ஸும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதே பெயரில் விற்கப்படும் இனிப்பான பழச்சுவை மதுவுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டேனிய ஸ்னாப்ஸ் இனிப்பற்றது. தானியம் அல்லது உருளைக்கிழங்கிலிருந்து வடிக்கப்படுவது.

இதன் முதன்மை வகை 'அக்வாவிட்'. 'உயிர் நீர்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, சீமைச் சோம்பு அல்லது சதகுப்பை விதையின் வடிசாறு சேர்ந்திருந்தால்தான் ஒரு மதுவை அக்வாவிட் என்று விற்க முடியும். அதில் ஆல்கஹால் அளவு குறைந்தது 37.5 சதவீதம் இருக்க வேண்டும். வடக்கு டென்மார்க்கின் ஆல்போர் நகரம் 1846 முதல் இதற்குப் பெயர் பெற்றது. அந்த நகரின் பெயரைத் தாங்கிய மது இப்போது நார்வேயில் தயாராகிறது. நறுமண இலைகளையும் காட்டுப் பழங்களையும் மதுவில் ஊறவைத்து வீட்டிலேயே தனிச்சுவை ஏற்றும் வழக்கமும் டேனியர்களிடம் உண்டு.

கோப்பையைச் சிறிதாக்கிய வரி

ஸ்னாப்ஸ் இன்று விருந்து நாள்களுக்குரிய பானமாகச் சுருங்கியதற்கு மரபு மட்டும் காரணமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் அது மலிவான அன்றாடப் பானமாக இருந்தது. உழைக்கும் மக்களிடையே குடிப்பழக்கம் பெரும் சமூகச் சிக்கலாகவும் இருந்தது.

முதல் உலகப் போரில் டென்மார்க் நடுநிலை வகித்தது. எனினும் 1917-இல் கடல்வழி முடங்கியதால் தானியமும் கால்நடைத் தீவனமும் இறக்குமதியாவது நின்றுபோனது. இருக்கும் தானியத்தையும் உருளைக்கிழங்கையும் பன்றிகளுக்குக் கொடுப்பதா, மது வடிப்பதற்குக் கொடுப்பதா, மனிதர்களுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. மருத்துவரும் ஊட்டச்சத்து ஆய்வாளருமான மிக்கெல் ஹிந்ஹேடே, மனிதர்களுக்கே முதலிடம் என்று வலியுறுத்தினார். பன்றிகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. தவிட்டுடன் சேர்த்துச் சுட்ட ரை ரொட்டி மக்களுக்கு வழங்கப்பட்டது. மது தயாரிப்பு கட்டுப்படுத்தப்பட்டது. வரி உயர்வால், 1 குரோனருக்கும் குறைவாக விற்ற ஸ்னாப்ஸ் பாட்டிலின் விலை ஏறத்தாழ 11 குரோனராக உயர்ந்தது.

அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கோபன்ஹேகனில் இறப்பு விகிதம் குறைந்ததை ஹிந்ஹேடே 1920-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு செய்தார். டேனியர்கள் பெருமளவில் பீருக்கு மாறினர். ஸ்னாப்ஸ், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விருந்துகளின் சிறு கோப்பைக்குள் அடங்கியது. அதாவது இன்று மரபாகத் தோன்றும் அந்த அளவு, ஒரு காலத்தில் அரசு எடுத்த முடிவின் விளைவு.

'ஸ்கோல்' சொல்லும் முறை

விருந்தளிப்பவர் கோப்பையை உயர்த்தி 'ஸ்கோல்' என்று சொல்லும் வரை யாரும் தொடங்குவதில்லை. கோப்பையை உயர்த்தியதும் எதிரில் இருப்பவர்களின் கண்களை நோக்க வேண்டும். பருகிய பின் மீண்டும் ஒருமுறை கண்களை நோக்கிவிட்டுக் கோப்பையை வைக்க வேண்டும். கண்ணைப் பாராமல் குடிப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. ஒரே மடக்கில் குடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிறிது சிறிதாகப் பருகலாம்.

கொழுப்பு மிகுந்த உணவைச் செரிக்க ஸ்னாப்ஸ் உதவும் என்ற நம்பிக்கை டென்மார்க்கில் பரவலாக உள்ளது. ஆனால் இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதை மது தாமதப்படுத்துகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. மதுவில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023-இல் தெரிவித்தது. வயது வந்தோர் வாரத்துக்கு 10 அலகுகளுக்கு மேல், ஒரே நாளில் 4 அலகுகளுக்கு மேல் மது அருந்த வேண்டாம் என்பது டென்மார்க் சுகாதாரத் துறையின் பரிந்துரை. அங்கு ஓர் அலகு என்பது 12 கிராம் ஆல்கஹால்.

40 மில்லிலிட்டர் ஸ்னாப்ஸில் ஏறத்தாழ ஓர் அலகு உள்ளது. 330 மில்லிலிட்டர் சாதாரண பீரிலும் அதே அளவுதான். மூன்று கோப்பை ஸ்னாப்ஸும் இரண்டு பீரும் அருந்தியவர், ஒரே மதியத்தில் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். நீண்ட விருந்தில் இது எளிதில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடும். வாகனம் ஓட்டுவோருக்கு டென்மார்க்கில் இரத்த ஆல்கஹால் வரம்பு 100 மில்லிலிட்டருக்கு சுமார் 50 மில்லிகிராம். இந்தியாவில் அது 30 மில்லிகிராம். பாதுகாப்பாக ஓட்ட முடியாத அளவு குடித்துவிட்டு மிதிவண்டி ஓட்டினாலும் டென்மார்க்கில் அபராதம் உண்டு.

மது அருந்தாதவர் தயங்க வேண்டியதில்லை. தண்ணீரோ பழச்சாறோ நிறைந்த கோப்பையை உயர்த்தி, கண்களை நோக்கி 'ஸ்கோல்' சொன்னால் போதும். அந்தச் சடங்கின் உயிர் கண்பார்வையில்தான் இருக்கிறது.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

பார்வைக்குச் சைவமாகத் தெரிவது சைவமாக இருக்க வேண்டியதில்லை. வெண்ணெய்க்குப் பதிலாகச் சில வேளைகளில் பன்றிக்கொழுப்பு தடவப்படும், குறிப்பாக ஹெர்ரிங்கின் அடியில். பளபளக்கும் கூழ், இறைச்சிச்சாற்றிலிருந்து செய்யப்படுவது. பாலாடைக்கட்டியின் மேலும் அது வைக்கப்படலாம். ரெமுலாட், மயோனைஸ் ஆகியவற்றில் முட்டை உண்டு. சில பாலாடைக்கட்டிகளில் விலங்கிலிருந்து பெறப்படும் உறைபொருள் சேர்க்கப்படுகிறது. இறைச்சி உருண்டைகளில் பன்றி, கன்று ஆகிய இரண்டின் இறைச்சியும் கலந்திருப்பது வழக்கம்.

சைவ உணவினருக்கு நல்ல தேர்வு உருளைக்கிழங்கு ஸ்மோர்ப்ரோட். வேகவைத்த உருளைக்கிழங்கு வில்லைகள், பூண்டுத்தாள், மொறுமொறுப்பாகப் பொரித்த வெங்காயம் ஆகியவை அதில் இருக்கும். மயோனைஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். புதுக் கிழங்கு வரும் கோடையில் டேனியர்களே இதை விரும்பி உண்கின்றனர் என்பதால், இதைக் கேட்பவர் தனித்துத் தெரிய மாட்டார். முட்டை உண்பவர்களுக்கு முட்டையும் தக்காளியும் வைத்த வகை எங்கும் கிடைக்கும்.

கோபன்ஹேகன் உணவகங்களில் ஒரு துண்டின் விலை பெரும்பாலும் 100 குரோனருக்கு மேல் இருக்கும். மரபான உணவகங்கள் பல மதிய வேளையில் மட்டுமே பரிமாறுகின்றன. எடுத்துச் செல்லும் கடைகளில் விலை குறைவு.

மங்கி, மீண்ட மரபு

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துரித உணவின் வருகையால் உணவக ஸ்மோர்ப்ரோட் முதியவர்களின் உணவாகக் கருதப்பட்டு மங்கத் தொடங்கியது. 2004-இல் நார்டிக் நாடுகளின் சமையற்கலைஞர்கள், உள்ளூர் விளைபொருளையும் பருவத்தையும் முன்னிறுத்தி ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டனர். 2006-இல் ஆடம் ஆமன் கோபன்ஹேகனில் தொடங்கிய உணவகம், மேலடுக்கைச் சற்று எளிதாக்கி, ரொட்டியையும் காய்கறியையும் முன்னே கொண்டுவந்தது. இளைய தலைமுறை மீண்டும் அந்த மேசைக்கு வந்தது.

ஆனால் உணவகங்களில் மங்கிய காலத்திலும் வீடுகளில் அது மறையவில்லை. ஒவ்வொரு நாளும் பள்ளிப் பையில் காகிதம் சுற்றிய ரை ரொட்டி சென்றுகொண்டேதான் இருந்தது. அந்த மேசையில் முதன்முறையாக அமரும் இந்தியர் நினைவில் கொள்ள வேண்டியவை சிலவே: ஹெர்ரிங்கில் தொடங்குவது, தட்டை மாற்றுவது, வேண்டாததைத் தயங்காமல் கேட்டு விலக்குவது, கோப்பையில் எது இருந்தாலும் கண்களைப் பார்த்து உயர்த்துவது. மற்றவற்றை, பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.